தனியே படுக்க வையுங்கள்... தனியாக விட்டுவிடாதீர்கள்!

மருந்து என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? மாத்திரை, டானிக், கஷாயம், லேகியம்... இப்படித்தானே? வள்ளுவர் வேறு கணக்குச் சொல்கிறார். 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார். நோயாளி ஒன்று. வைத்தியர் இரண்டு. மருந்துப் பொருள் மூன்று. பக்கத்தில் இருந்து அதைக் கொடுத்துக் கவனித்துக்கொள்கிறவர் நான்கு. அந்த நாலாவது ஆளும் மருத்துவத்தில் ஒரு கூறு என்பதுதான் அதன் பொருள்.

2020-இல் கொரோனா வந்தபோது பல வீடுகளில் முதலில் காணாமல் போனது இந்த நாலாவது கூறுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11-இல் இதை உலகம் தழுவிய கொள்ளைநோய் என்றது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. அப்போது நம் காதில் ஓயாமல் விழுந்த வார்த்தை 'சமூக இடைவெளி'. அந்த மாதமே உலக சுகாதார நிறுவனம் அந்த வார்த்தையை மாற்றி, 'உடல் இடைவெளி' என்று சொல்ல ஆரம்பித்தது. விலகி இருக்கவேண்டியது உடம்புதான், உறவு இல்லை என்பதற்காகத்தான் இந்தத் திருத்தம். ஆனால் நம்மிடம் முதல் வார்த்தைதான் நிலைத்தது. உடம்போடு சேர்த்து மனசையும் ஆறடி தள்ளி வைத்துவிட்டோம்.

"அதெல்லாம் முடிந்துபோன கதை டாக்டர், இப்போ எதுக்கு?" என்று கேட்பீர்கள். சர்வதேச அவசரநிலை 2023 மே 5-இல் முடிந்தது உண்மைதான். கிருமி எங்கேயும் போய்விடவில்லை. அது தவிர ஃப்ளூ காய்ச்சல், சின்னம்மை, தட்டம்மை என்று ஒருவரை ஒதுக்கிப் படுக்க வைக்கவேண்டிய நோய்கள் எந்த வீட்டுக்கும் எப்போதும் வரலாம். ஒரு நோயாளியைத் தனிமையில் வைத்துப் பார்த்துக்கொள்வது எப்படி என்பது ஒரு பாடம். அதை இப்போதே படித்து வைத்துக்கொள்வது நல்லது.

வெட்கம் வளர்த்த வியாதி

2020-இல் சென்னையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். டெஸ்ட் ரிசல்ட் வந்த மறுநாள் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சில தெருக்களில் தகரம் வைத்து அடைத்தார்கள். பால்காரர் வருவதில்லை, வேலைக்கார அம்மா வருவதில்லை, எதிர்வீட்டு ஜன்னல்கூடச் சாத்திக்கொண்டது. நோயாளி குற்றவாளி போலக் கூசிப்போனார்.

அந்த ஆண்டு ஆகஸ்டில், ஓய்வு பெற்ற ஒரு வங்கி ஊழியரின் மகன் எனக்கு போன் செய்தார். "அப்பாவுக்கு ஒரு வாரமா காய்ச்சல் சார். வெளியே சொன்னா தகரம் அடிச்சிடுவாங்கன்னு மறைச்சிட்டார். இன்னைக்கு மூச்சு வாங்குது" என்றார். ஆக்ஸிஜன் அளவு 86. உடனே 108-ஐக் கூப்பிடச் சொன்னேன். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார். அவரை அந்த நிலைக்குக் கொண்டுபோனதில் கிருமிக்கு எவ்வளவு பங்கோ, அவமான பயத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

ஏன் இந்தத் தாமதம் ஆபத்து? கோவிடில் முதல் நாலைந்து நாள் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் இருக்கும். சிலருக்கு இரண்டாவது வாரத்தை ஒட்டித்தான் நுரையீரல் பாதிப்பு தலைகாட்டும். அப்போதும்கூட ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவது நோயாளிக்கே தெரியாமல் போகலாம். சிரித்துப் பேசிக்கொண்டே இருப்பார். உள்ளே அளவு இறங்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் கவனிக்கிற கண் ஒன்று இருந்தால்தான் இதைப் பிடிக்க முடியும். நோயை மறைப்பவருக்கு அந்தக் கண் கிடைப்பதில்லை.

அதிகாரம் பெற்ற அமைப்பின் தனி உத்தரவு இல்லாமல் நோயாளிகளின் வீட்டு வாசலில் போஸ்டர் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொல்லிவிட்டது. ஆனால் மனசில் ஒட்டிய ஸ்டிக்கரை நாம்தான் கிழிக்கவேண்டும்.

பாட்டிக்குத் தெரிந்த தனிமை

தனிமைப்படுத்துவது நமக்குப் புதிதா என்ன? வீட்டில் அம்மை போட்டால் பாட்டி என்ன செய்தாள் என்று யோசியுங்கள்.

வாசலில் வேப்பிலைக் கொத்து செருகினாள். அதைப் பார்த்ததும் வெளியாட்கள் உள்ளே வரமாட்டார்கள். அதுவும் ஒரு அறிவிப்புதான். ஆனால் அதில் அவமானம் இல்லை. "ஆத்தா வந்திருக்கா" என்று மரியாதையாகச் சொன்னாள். நோயாளிக்குத் தனி இடம், தினமும் துவைத்த மெல்லிய வேட்டி. தாளிப்பு கிடையாது. இளநீர், மோர், குழைந்த சோறு. அரித்தால் நகம் படாமல் வேப்பிலைக் கொத்தால் தடவிவிட்டாள். சத்தம் போட்டுப் பேசக்கூடாது, சண்டை கூடாது என்று வீட்டாருக்கும் கட்டுப்பாடு. கடைசியில் மூன்றாம் தண்ணீர், ஐந்தாம் தண்ணீர் என்று தலைக்கு ஊற்றி, "எல்லாம் இறங்கிடுச்சு" என்று கூடத்துக்குக் கூட்டி வந்தாள்.

தனிமைக்கு ஒரு தொடக்கம், ஒழுங்கு, மரியாதை, நிச்சயமான ஒரு முடிவு... நாலும் அதில் இருந்தன. நோயாளி வீட்டில் ஒதுங்கி இருந்தார். வீடு அவரை ஒதுக்கவில்லை.

பழைய முறை முழுக்கச் சரி என்று நான் சொல்ல வரவில்லை. அம்மைக்கு டாக்டரிடமே போகக்கூடாது என்பது தவறு. பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சின்னம்மை வந்தால் நுரையீரல் வரை பாதிக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசிதான். அது உலகை விட்டே போய்விட்டது என்று 1980-இல் அறிவித்தார்கள். பாட்டியிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவளுடைய பரிவு.

அறைக்குள்ளே என்ன நடக்கிறது?

2021 மே மாதம், இரண்டாவது அலையில், நானும் பத்து நாள் மாடி அறையில் இருந்தேன். பிறர் நாடியைப் பிடித்துப் பழகிய நான், என் நாடியை நானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காய்ச்சலைவிடச் சாயங்கால நேரம்தான் கஷ்டமாக இருந்தது. கீழே எல்லோரும் காபி குடிக்கிற சத்தம் கேட்கும். என் மனைவி சாப்பாட்டை வாசல் ஸ்டூலில் வைத்துவிட்டுக் கதவை இரண்டு தட்டு தட்டுவாள். பிறகு உடனே இறங்கிப் போகாமல் படிக்கட்டில் உட்கார்ந்து, அன்றைக்குக் கத்தரிக்காய் என்ன விலை என்பது முதற்கொண்டு பத்து நிமிஷம் சொல்லுவாள். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் தட்டில் இருந்த சோறு எனக்கு உள்ளே இறங்கும்.

பிற்பாடு நோயாளிகளிடம் கேட்டபோது எல்லோரும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் சொன்னார்கள். "ராத்திரி தூங்கினா எழுந்திருப்பேனான்னு பயம்." "என்னால அம்மாவுக்கு வந்துடுமோன்னு குற்ற உணர்ச்சி." "ருசியும் தெரியலை, வாசனையும் தெரியலை. எதுக்குச் சாப்பிடணும்னு வெச்சுட்டேன்." ஒரு கல்லூரிப் பெண் சொன்னது இன்னும் மறக்கவில்லை: "தட்டைக் கம்பால தள்ளி விட்டாங்க டாக்டர். பயத்துல செஞ்சாங்கன்னு தெரியும். ஆனா அன்னைக்கு நான் சாப்பிடலை."

கவனியுங்கள். சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, தூங்கவில்லை, இருமல் கூடியதை யாரிடமும் சொல்லவில்லை. தனிமையின் துக்கம் இப்படித்தான் உடம்பு நோயாக மாறுகிறது. அதனால் பேச்சுத்துணையை 'முடிந்தால் செய்வோம்' என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அதுவும் சிகிச்சைதான்.

2020-இல் வியாசர்பாடி அம்பேத்கர் கலைக் கல்லூரியில் லேசான பாதிப்பு உள்ளவர்களுக்காக சித்த மருத்துவ கோவிட் மையம் நடந்தது. அங்கே எல்லோருக்கும் ஒரே நோய் என்பதால் யாரும் யாரைப் பார்த்தும் கூசவேண்டியதில்லை. வீட்டு அறையில் தனியாகக் கிடப்பவருக்கு இந்தத் துணை இல்லை. அதை நாம்தான் ஏற்படுத்திக் கொடுக்கவேண்டும்.

வாசலில் நின்று செய்யும் எட்டு சோதனை

சித்த மருத்துவத்தில் நோயை அறிய எண்வகைத் தேர்வு உண்டு. நாடி, தொடு உணர்வு, நாக்கு, நிறம், பேச்சு, கண், மலம், சிறுநீர். இவற்றில் தொட்டுப் பார்க்கவேண்டியது முதல் இரண்டுதான். மற்ற ஆறையும் கதவருகே நின்றோ, வீடியோ காலிலோ நீங்களே கவனிக்கலாம். தொட்டுப் பார்ப்பதற்குப் பதில் தெர்மாமீட்டரும், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் இருக்கின்றன.

பேச்சு: ஒரு முழு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்கிறாரா? நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினால் எச்சரிக்கை. சம்பந்தமில்லாமல் உளறினால் ஆபத்து.

நாக்கு: நீட்டச் சொல்லுங்கள். வறண்டு ஒட்டியிருந்தால் தண்ணீர் போதவில்லை.

நிறம்: உதடும் விரல் நுனியும் நீலம் பாய்ந்தால் தாமதிக்காதீர்கள்.

கண்: குழி விழுந்திருக்கிறதா, சோர்ந்து சோர்ந்து மூடுகிறதா?

சிறுநீர்: எத்தனை தடவை போனார்? மஞ்சள் கூடிவிட்டதா? கூச்சப்படாமல் கேளுங்கள்.

மலம்: சில வைரஸ் காய்ச்சலில் பேதியும் வரும். போனால் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்கவேண்டும்.

ஆக்ஸிமீட்டர் போடும்போது நகப்பூச்சு இருக்கக்கூடாது. அடர்த்தியான மருதாணியும் கணக்கைக் குழப்பும். அந்த விரலை விட்டுவிடுங்கள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, கை ஜில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிஷம் நிலையாக வைத்துப் பாருங்கள். 94-க்குக் கீழே போனால் உடனே மருத்துவ உதவி தேவை. சரியாக இருந்தால், அறைக்குள்ளேயே 6 நிமிஷம் நடக்கச் சொல்லி மறுபடி பாருங்கள். 3, 4 புள்ளி இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள். மூச்சுத் திணறல் உள்ளவரையும், ஏற்கெனவே 94-க்குக் கீழே உள்ளவரையும் நடக்க வைக்காதீர்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், நினைவு தடுமாற்றம்... இதில் எது வந்தாலும் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

சின்ன வீட்டில் எப்படி?

தனி அறை, தனி பாத்ரூம் எல்லா வீட்டிலும் இருக்குமா? இருக்காது. இருப்பதை வைத்துச் செய்யலாம்.

* இந்தக் கிருமி முக்கியமாகக் காற்றில்தான் பரவுகிறது. ஆகவே நோயாளி இருக்கும் இடத்தில் ஜன்னல் திறந்திருக்கட்டும். டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வைத்தால் உள்காற்று வெளியேறும்.

* நெருங்கும்போது நோயாளியும் நீங்களும் முகத்தோடு ஒட்டிய என்-95 மாஸ்க் போடுங்கள்.

* பாத்ரூம் பொது என்றால் நோயாளி கடைசியாகப் போகட்டும். பிறகு ஜன்னலைத் திறந்து வைத்து, சற்று நேரம் கழித்து மற்றவர்கள் போங்கள்.

* பாத்திரத்துக்கு சோப்பும் வெந்நீரும் போதும். தட்டையும் பாயையும் தூக்கி எறியவேண்டாம்.

* கவனித்துக்கொள்ள ஒரே ஆள் இருக்கட்டும். அவர் தடுப்பூசி போட்டவராக, நாள்பட்ட வியாதி இல்லாதவராக இருந்தால் நல்லது.

* பால் கொடுக்கும் தாயைக் குழந்தையிடமிருந்து பிரிக்காதீர்கள். மாஸ்க் போட்டு, கை கழுவித் தாய்ப்பால் கொடுக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

எத்தனை நாள்? 2020-இல் மொத்தம் 17 நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். 2022 ஜனவரியில் அது 7 நாளாகக் குறைந்தது. கடைசி 3 நாள் காய்ச்சல் இருக்கக்கூடாது. சின்னம்மைக்குக் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்கு தட்டும் வரை. தட்டம்மைக்குத் தடிப்பு வந்து 4 நாள் வரை. உங்கள் டாக்டரிடம் கேட்டு, முடியும் தேதியை ஒரு காலண்டரில் குறித்து, நோயாளி கண்ணில் படும்படி மாட்டுங்கள். எப்போது வெளியே வருவோம் என்று தெரிந்தவருக்கு இருப்பது சுலபம்.

நாளைக்கு நாலு வேளை பேச்சு

மாத்திரைக்கு நேரம் வைப்பதுபோல பேச்சுக்கும் நேரம் வையுங்கள். காலையில் காபியோடு ஒரு தடவை. மதியம் சாப்பாட்டோடு ஒரு தடவை. சாயங்காலம் கொஞ்சம் நீளமாக. ராத்திரி விளக்கை அணைக்கும் முன் ஒரு தடவை. "எப்படி இருக்கே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். வீட்டுக் கதை, தெருக் கதை எல்லாம் சொல்லுங்கள். ஒரு அம்மா தன் மகளுக்குக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து தொடர்கதை வாசித்தார். தினம் ஒரு அத்தியாயம்தான்! "மறுநாள் என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கவே விடியணும்னு இருந்துச்சு" என்றாள் அந்தப் பெண்.

ராத்திரி கூப்பிட ஒரு மணியோ, எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனுமோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கூப்பிட்டால் யாரோ வருவார்கள் என்ற தைரியமே பாதித் தூக்கத்தைக் கொடுக்கும். எந்நேரமும் சாவுச் செய்தி சொல்லும் டிவியை அணையுங்கள்.

தனியே வசிக்கும் முதியவர் பக்கத்து ஃப்ளாட்டில் இருக்கிறாரா? பால் பாக்கெட்டும் கஞ்சியும் வாசலில் வையுங்கள். காலையும் மாலையும் ஒரு போன் செய்யுங்கள். எடுக்கவில்லை என்றால் என்ன செய்வது, சாவி யாரிடம் என்பதை முன்பே பேசி வையுங்கள்.

கஷாயம் எந்த அளவுக்கு?

இதைச் சொல்லாவிட்டால் சித்த மருத்துவர் கட்டுரை என்று நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள்! கபசுரக் குடிநீரில் சுக்கு, திப்பிலி, இலவங்கம், ஆடாதோடை, நிலவேம்பு, கற்பூரவள்ளி, சீந்தில் உட்பட 15 சரக்குகள் உண்டு. 5 கிராம் பொடியை 240 மி.லி. தண்ணீரில் இட்டு 60 மி.லி. ஆகும்வரை வற்றவைத்து, வடிகட்டிக் குடிப்பது வழக்கம். சளிக்காய்ச்சலுக்கு இது துணை மருந்து. தடுப்பூசிக்கோ ஆக்ஸிஜனுக்கோ இது மாற்று இல்லை. கர்ப்பிணிகள், குழந்தைகள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கவேண்டாம். 'நல்லதுதானே' என்று நாலு வேளையும் குடித்து வயிற்றைப் புண்ணாக்கிக்கொள்ளவும் வேண்டாம்.

ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்குச் சுகம் தரும், கிருமியைக் கொல்லாது. கொதிநீர் கொட்டிச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. ஸ்டீராய்டு மாத்திரையை யாரும் தானாக வாங்கிப் போடக்கூடாது. ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களுக்கு அது உயிர் காத்தது. சர்க்கரை நோயாளிகள் கண்டபடி சாப்பிட்டதோ, 2021-இல் பேசப்பட்ட கறுப்புப் பூஞ்சை நோய்க்கு வழிவிட்டது.

உணவு? ருசி தெரியாதவருக்கு நிறையப் போட்டு நீட்டாதீர்கள். புழுங்கலரிசிக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், இட்லி, மிளகு ரசம், வேகவைத்த முட்டை என்று இரண்டு மணிக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

கதவு திறந்த பிறகு

குறித்த நாள் முடிந்ததும் கூடத்தில் எல்லோரோடும் உட்கார வைத்து இலை போடுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடுங்கள். "இன்னும் ரெண்டு நாள் தள்ளியே இரேன்" என்று இழுக்காதீர்கள். நாள் கணக்கு முடிந்தால் பயத்துக்கும் முடிவு வேண்டும்.

சோர்வும் மறதியும் சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கலாம். அது சோம்பேறித்தனம் இல்லை. வேலையைப் படிப்படியாகக் கூட்டட்டும். வாசனை திரும்பாதவர்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஹும்மல் என்ற மருத்துவர் 2009-இல் வெளியிட்டது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நாலு வாசனைகளைக் காலையும் மாலையும் ஒவ்வொன்றாகச் சில விநாடிகள் முகர்ந்து, அந்த வாசனையை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். பல வாரங்கள் விடாமல் செய்தால் பலருக்குப் பலன் கிடைக்கிறது. நம் வீட்டிலேயே இருக்கிற பொருட்கள்தானே! தைல பாட்டிலைத் தள்ளிப் பிடித்து முகர்ந்தால் போதும்.

தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, வாழ்க்கையே வேண்டாம் என்ற பேச்சு இருந்தால் சும்மா விடாதீர்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். பொதுவான மருத்துவ ஆலோசனைக்குத் தமிழ்நாட்டில் 104 இருக்கிறது.

கடைசியாக, கவனித்துக்கொண்டவரையும் கவனியுங்கள். பெரும்பாலும் அது வீட்டு அம்மாவாகத்தான் இருக்கும். பத்து நாள் படி ஏறி இறங்கியவரை ஒரு நாளாவது படுக்கச் சொல்லி, காபியை யாராவது போட்டுக் கொடுங்கள். வள்ளுவர் சொன்ன நாலாவது கூறு அவர்தான். அவர் நன்றாக இருந்தால்தான் மற்ற மூன்றுக்கும் பலன்.